துணைநூற்பட்டியலைப் பிழையின்றி அமைப்பது எப்படி? முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கு

துணைநூற்பட்டியலைக் கடைசி நாள் வேலையாக ஒதுக்கிவைப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. கட்டுரை முடிந்திருக்கும், நூல் நூலகத்துக்குத் திரும்பியிருக்கும், நகலெடுத்த தாளில் பக்க எண் வெட்டுப்பட்டிருக்கும். அப்போது நினைவிலிருந்தோ, வேறொருவர் கட்டுரையின் பட்டியலைப் பார்த்தோ நிரப்ப வேண்டிவரும். அப்படி நிரப்பிய பட்டியல் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். தேடிப் போகிறவருக்குத்தான் நூல் கிடைக்காது.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு முகவரி. நீங்கள் பார்த்த அதே பதிப்பின் அதே பக்கத்துக்கு, உங்களை அறியாத ஒருவர் உங்களிடம் கேட்காமலே போய்ச் சேர வேண்டும். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்ற விதிகளெல்லாம் இதற்கு அடுத்தபடிதான். எதை எழுதுவது, எதை விடுவது என்று ஐயம் வரும்போதெல்லாம், ‘இதை வைத்து அவர் போய்ச் சேர முடியுமா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எந்த முறை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உலகில் வழங்கும் முறைகள் ஏராளம். ஆனால் அவற்றின் அடிப்படை மூன்றே வகை.

முதல் வகையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கட்டுரைக்குள்ளேயே வரும்: (வரதராசன், 1972, ப. 45). சமூக அறிவியல், உளவியல், கல்வியியல் துறைகளில் பரவலாக வழங்கும், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ (APA) முறை இந்த வகை. அதன் இப்போதைய பதிப்பு 2019-ல் வந்த 7ஆம் பதிப்பு. ‘ஹார்வர்டு முறை’ என்று சொல்லப்படுவதும் இதுவே. ஆனால் அதற்கென ஒரே அதிகாரபூர்வ விதிநூல் கிடையாது. ஆகவே யாராவது ‘ஹார்வர்டு முறையில் எழுது’ என்று சொன்னால், யாருடைய ஹார்வர்டு என்று கேட்டு மாதிரி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை எண் முறை. கட்டுரைக்குள் [1], [2] என்று எண்கள் வரும். பட்டியல் அகரவரிசையில் இல்லாமல், மேற்கோள் முதன்முதலாக வந்த வரிசையில் இருக்கும். மருத்துவத்தில் வான்கூவர் முறையும், மின்னியல், கணினித் துறைகளில் ஐஇஇஇ முறையும் இப்படிப்பட்டவை.

மூன்றாவது வகையில் அடிக்குறிப்போ கடைக்குறிப்போ வரும். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் சிகாகோ முறையின் குறிப்பு வகை இதற்கு எடுத்துக்காட்டு. நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ (MLA) முறை தனி ரகம். அது கட்டுரைக்குள் ஆண்டைக் கேட்பதில்லை, ஆசிரியர் பெயரும் பக்கமும் போதும் என்கிறது. இலக்கிய ஆய்வில் எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம், எந்த ஆண்டு என்பது அவ்வளவு அவசரமில்லை என்பதே காரணம். அறிவியலில் நிலைமை நேர்மாறு. ஒரு முடிவு 1990-ஐச் சேர்ந்ததா, 2020-ஐச் சேர்ந்ததா என்பது படிக்கும்போதே தெரிய வேண்டும்.

ஒரே நூல் இந்த முறைகளில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

ஏபிஏ: வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.

எம்எல்ஏ: வரதராசன், மு. தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி, 1972.

வான்கூவர்: 1. வரதராசன் மு. தமிழ் இலக்கிய வரலாறு. புதுதில்லி: சாகித்திய அகாதெமி; 1972.

சிகாகோ அடிக்குறிப்பு: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு (புதுதில்லி: சாகித்திய அகாதெமி, 1972), 45.

நான்கிலும் தகவல் ஏறக்குறைய ஒன்றுதான். வரிசையும் நிறுத்தக்குறியும் மட்டுமே மாறுகின்றன. ஊர்ப்பெயரைக் கவனியுங்கள். ஏபிஏ 7ஆம் பதிப்பு அதைக் கேட்பதில்லை. சிகாகோவும் 2024-ல் வந்த 18ஆம் பதிப்பில், 1900-க்குப் பிந்தைய நூல்களுக்கு ஊர்ப்பெயர் தேவையில்லை என்று விட்டுவிட்டது. மேலே உள்ளது அதற்கு முந்தைய வழக்கப்படி அமைந்த அடிக்குறிப்பு. முறையின் பெயரோடு பதிப்பு எண்ணையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

முறையைத் தேர்வது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. ஆய்விதழ் என்றால் ‘ஆசிரியர்களுக்கான குறிப்புகள்’ பக்கமும், ஆய்வேடு என்றால் பல்கலைக்கழக விதியும் நெறியாளரும் சொல்வதே முடிவு. அவர்கள் சொல்வது மூல விதிநூலோடு முரண்பட்டாலும் அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். கூடவே, அதே இதழில் அண்மையில் வந்த இரண்டு கட்டுரைகளைத் திறந்து வைத்துக்கொண்டால் விதியில் சொல்லாத பல ஐயங்கள் தீரும்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: பட்டியலில் மேற்கோள் காட்டியவை மட்டும் வர வேண்டுமா, படித்து உதவியவை எல்லாம் வரலாமா? ஏபிஏ முறையில் மேற்கோள் காட்டாத எதற்கும் இடமில்லை. தமிழ் ஆய்வேடுகளில் ‘துணைநூற்பட்டியல்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டும் கலந்து வருவதுண்டு. முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம் என்று பிரிக்கச் சொல்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நூலைக் கையில் எடுத்ததும்

படிக்கத் தொடங்கும் முன்பே குறிப்பெடுக்க வேண்டிய பக்கங்கள் இரண்டு: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம். அட்டையை நம்பாதீர்கள். அட்டையில் துணைத்தலைப்பு விடுபட்டிருக்கலாம், வடிவமைப்புக்காகப் பெயர் சுருக்கப்பட்டிருக்கலாம். தலைப்பும் ஆசிரியர் பெயரும் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி, பதிப்பும் ஆண்டும் பதிப்பகமும் பின்பக்கத்தில் உள்ளபடி எழுதுங்கள். கைபேசி இருந்தால் இரண்டு பக்கங்களையும் படமெடுத்துவிடுங்கள், அரை நிமிட வேலை. பின்னால் எழும் எந்தக் கேள்விக்கும் அந்தப் படமே சாட்சி.

பிறகு, குறிப்பெடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பக்க எண். அப்படியே எடுத்த வரியை இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள், உங்கள் சொல்லில் சுருக்கியதைக் குறியில்லாமல் எழுதுங்கள். இந்த வேறுபாட்டைக் குறிப்பேட்டிலேயே காட்டாவிட்டால், மூன்று மாதம் கழித்து அந்த வரி உங்களுடையதா, நூலாசிரியருடையதா என்று உங்களுக்கே தெரியாது. கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டில் சிக்குவோரில் பலர் வேண்டுமென்றே திருடியவர்கள் அல்லர். குறிப்பேட்டில் மேற்கோள்குறி போட மறந்தவர்கள்.

பதிப்பு, மறுபதிப்பு, மறுஅச்சு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நூலின் பின்பக்கத்தில் ‘முதற்பதிப்பு’, ‘இரண்டாம் பதிப்பு’, ‘மறுஅச்சு’ என்று வரிசையாகப் பல ஆண்டுகள் இருக்கும். உள்ளடக்கம் திருத்தப்பட்டால் அது புதிய பதிப்பு. அதே பக்கங்களை மீண்டும் அச்சடித்தால் மறுஅச்சு. நீங்கள் எழுத வேண்டியது கையில் உள்ள பதிப்பின் ஆண்டு. மறுஅச்சின் ஆண்டைப் பொதுவாக எழுத வேண்டியதில்லை. ஆனால் தமிழ் நூல்களில் எழுத்தை மீண்டும் கோத்து, பக்க அமைப்பே மாறிய ஒன்றுக்கும் ‘மறுஅச்சு’ என்றே போட்டுவிடுவது உண்டு. அங்கே பக்க எண் மாறிவிடுமாதலால், நீங்கள் பயன்படுத்தியதன் ஆண்டையே கொடுங்கள்.

பழைய படைப்பைப் புதிய பதிப்பில் படித்தால் இரண்டு ஆண்டுகளும் தேவை. எடுத்துக்காட்டாக, உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நூலாக வந்தது 1950-ல். இன்று நீங்கள் வாங்குவது அதற்கும் வெகுகாலம் பின்னால் வந்த பதிப்பாக இருக்கும். 2010-ல் அச்சான நூலை மட்டும் குறித்து (சாமிநாதையர், 2010) என்று எழுதினால், 1942-ல் மறைந்தவர் 2010-ல் எழுதியதுபோல் ஆகிவிடும். ஏபிஏ முறையில் (சாமிநாதையர், 1950/2010) என்று இரண்டையும் சாய்கோட்டால் பிரித்துக் காட்டலாம். பக்க எண் 2010 பதிப்பினுடையது என்பதும் அதிலேயே தெளிவாகிவிடும்.

செவ்வியல் நூல்களுக்கு வேறு வழி இருக்கிறது. புறநானூற்றுக்குப் பாடல் எண், குறளுக்குக் குறள் எண், கம்பராமாயணத்துக்குக் காண்டமும் படலமும் பாடலும். பிளேட்டோவின் நூல்களுக்கு 1578-ல் வந்த ஒரு பதிப்பின் பக்க எண்ணையே இன்றுவரை உலகெங்கும் பெரும்பாலான ஆய்வுப் பதிப்புகளின் ஓரத்தில் அச்சிடுகிறார்கள். எந்தப் பதிப்பை வைத்திருப்பவருக்கும் உதவுவதால், கட்டுரைக்குள் இந்த எண்களையே கொடுங்கள். பட்டியலில் மட்டும் நீங்கள் கையாண்ட பதிப்பின் முழு விவரத்தைக் கொடுங்கள். பதிப்பாசிரியர் பெயரை விட்டுவிடக் கூடாது. பாடவேறுபாடு பதிப்புக்குப் பதிப்பு மாறும். உரையாசிரியர் சொன்ன பொருளை எடுத்தாண்டால் மேற்கோள் உரையாசிரியருக்குப் போக வேண்டும், மூல நூலுக்கு அல்ல. அப்போது பக்க எண்ணும் தேவை.

பெயரை எப்படி எழுதுவது

பன்னாட்டு முறைகள் அனைத்தும் குடும்பப்பெயர் என்று ஒன்று இருப்பதாக எண்ணி உருவானவை. தமிழ்ப் பெயர்களில் அது பெரும்பாலும் இல்லை. தலைப்பெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும்: உ.வே. சாமிநாதையர் பெயரில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். ஆகவே அவருடைய சொந்தப் பெயரே தலைச்சொல்: சாமிநாதையர், உ.வே. தலைப்பெழுத்தை முன்னால் வைத்து அகரவரிசைப்படுத்தினால் பட்டியல் முழுவதும் குலைந்துவிடும்.

சிக்கல் வருவது தலைப்பெழுத்து விரிக்கப்படும்போது. கணிதமேதை சீனிவாச ராமானுஜனின் பெயரில் சீனிவாச என்பது தந்தை பெயர், ராமானுஜன் அவர் பெயர். இங்கே பின்னால் நிற்பது சொந்தப் பெயர். இன்று பலர் சொந்தப் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதுகிறார்கள். எது எதுவென்று வெளியாருக்குத் தெரியாது. அந்த ஆசிரியரே தம் முந்தைய கட்டுரைகளில் எப்படிச் சுருக்கியிருக்கிறார் என்று பார்த்து அதையே பின்பற்றுவதுதான் பாதுகாப்பு.

மற்ற மொழிப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். ஐஸ்லாந்தில் பின்பெயர் பெரும்பாலும் தந்தை பெயரிலிருந்து வருவது, அந்நாட்டு வழக்கப்படி முதற்பெயரால்தான் வரிசைப்படுத்துவார்கள். ஸ்பானியப் பெயர்களில் இரண்டு குடும்பப்பெயர்கள் வரும், முதலாவதே தலைச்சொல். சீனப் பெயர்களில் குடும்பப்பெயர் முன்னால் நிற்கும்.

முனைவர், பேராசிரியர், புலவர் போன்ற பட்டங்களைப் பட்டியலில் எழுதுவதில்லை. புனைபெயரில் வெளிவந்திருந்தால் புனைபெயரையே எழுதுங்கள். நூலில் இல்லாத பெயரால் தேடுகிறவர் நூலை அடைய மாட்டார்.

பலர் சேர்ந்து எழுதியிருந்தால் முறைக்கு முறை எண்ணிக்கை மாறும். ஏபிஏ 7 கட்டுரைக்குள் மூவரோ அதற்கு மேலோ என்றால் முதல் பெயருடன் ‘மற்றும் பிறர்’ என்று சுருக்கச் சொல்கிறது. பட்டியலில் 20 பேர் வரை அனைவரையும் எழுத வேண்டும். அதற்கு மேல் என்றால் முதல் 19 பேர், மூன்று புள்ளி, கடைசிப் பெயர். எம்எல்ஏ முறையில் மூவர் ஆனாலே பட்டியலிலும் சுருக்கம்தான். வான்கூவர் முறையைப் பின்பற்றும் இதழ்கள் பல முதல் ஆறு பெயர்களோடு நிறுத்தும். ஆசிரியர்களின் வரிசையை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். பல துறைகளில் அந்த வரிசைக்கே பொருள் உண்டு.

ஆய்விதழ்க் கட்டுரை, தொகுப்பு நூல், ஆய்வேடு

டிஎன்ஏயின் அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953-ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் முகவரி இது: 171(4356), 737–738. முதலில் உள்ளது தொகுதி எண், அடைப்புக்குள் இருப்பது இதழ் எண், அடுத்து வருபவை தொடங்கும் பக்கமும் முடியும் பக்கமும். மேற்கோளை 738ஆம் பக்கத்திலிருந்து எடுத்திருந்தாலும் பட்டியலில் முழுப் பக்க வீச்சே வர வேண்டும். எடுத்த பக்கம் கட்டுரைக்குள் வரும். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது மிகப் பரவலான பிழை.

இணையத்தில் மட்டும் வரும் பல இதழ்களுக்குப் பக்க எண் கிடையாது, கட்டுரை எண் இருக்கும். அதையே எழுதுங்கள். தரவிறக்கிய கோப்பில் 1 முதல் 12 என்று கோப்பு காட்டும் எண்ணைப் பக்க எண்ணாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது டிஓஐ. 10 என்ற எண்ணோடு தொடங்கி, சாய்கோட்டுக்குப் பின் எழுத்தும் எண்ணுமாகத் தொடரும் நிலையான அடையாளம் இது. இதழின் இணையதளம் இடம் மாறினாலும் டிஓஐ புதிய இடத்துக்குக் கூட்டிச் செல்லும். டிஓஐ இருந்தால் வேறு இணைப்பு வேண்டாம். ஏபிஏ 7 அதை முழு இணைப்பு வடிவில், இறுதியில் முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதச் சொல்கிறது. முற்றுப்புள்ளியும் இணைப்போடு ஒட்டிக்கொண்டால் பக்கம் திறக்காமல் போகலாம் என்பதே காரணம்.

தொகுப்பு நூலில் ஒரு கட்டுரையை எடுத்தாண்டால் தலைச்சொல்லாக வர வேண்டியவர் கட்டுரை ஆசிரியர், தொகுப்பாசிரியர் அல்லர். அமைப்பு இப்படி வரும்: கட்டுரையாளர் பெயர். (ஆண்டு). கட்டுரைத் தலைப்பு. தொகுப்பாசிரியர் பெயர் (ப.ஆ.), நூல் தலைப்பு (பக். தொடக்கம்–முடிவு). பதிப்பகம். ஒரே தொகுப்பிலிருந்து நான்கு கட்டுரைகளை எடுத்தால் நான்கு தனிப் பதிவுகள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பை அடுத்துச் சதுர அடைப்பில் முனைவர் பட்ட ஆய்வேடா, முதுகலை ஆய்வேடா என்பதையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கொடுங்கள். பின்னர் அது நூலாக வெளிவந்திருந்தால், நீங்கள் படித்தது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். நேர்காணல், மின்னஞ்சல் போன்ற தனிப்பட்ட தொடர்புகளை வாசகர் தேடி அடைய முடியாது என்பதால் ஏபிஏ முறை பட்டியலில் சேர்ப்பதில்லை. கட்டுரைக்குள் பெயரும் நாளும் போதும்.

எது தலைப்பு என்று காட்ட ஆங்கிலத்தில் சாய்வெழுத்து உதவும். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு பல இடங்களில் படிக்க இடைஞ்சலாக இருக்கும். தடித்த எழுத்தோ மேற்கோள்குறியோ பயன்படுத்த இதழ் அனுமதிக்கிறதா என்று பார்த்து, முதல் பதிவு முதல் கடைசி வரை அதையே கடைப்பிடியுங்கள்.

இணையப் பக்கங்கள்

நூலுக்குப் போலவே இணையப் பக்கத்துக்கும் நான்கு கேள்விகள்தான்: யார், எப்போது, என்ன, எங்கே. வெறும் இணைப்பை ஒட்டிவிட்டுப் போவது முகவரி ஆகாது. இணைப்பு செத்துப்போனால் தேடுவதற்கு ஒரு பெயராவது இருக்க வேண்டும்.

எழுதியவர் பெயர் இல்லையென்றால் வெளியிட்ட நிறுவனம் ஆசிரியர். அதுவும் இல்லையென்றால் தலைப்பு முதலில் வரும். நாள் இல்லையென்றால் அந்த இடத்தில் ‘ஆண்டு இல்லை’ என்று எழுதுங்கள். பக்கத்தின் அடியில் தானாக மாறும் பதிப்புரிமை ஆண்டை எடுத்து நிரப்பக் கூடாது, அது கட்டுரை வெளிவந்த ஆண்டல்ல. பார்வையிட்ட நாள் எப்போது தேவை என்பதில் முறைகள் வேறுபடுகின்றன. ஏபிஏ, உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது. நாங்கள் சொல்வது: முறை கேட்காவிட்டாலும் உங்கள் குறிப்பில் அந்த நாளை எழுதி வையுங்கள். கூடவே அன்றைக்கே அந்தப் பக்கத்தை இணையக் காப்பகமான வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு முடிய ஐந்து ஆண்டு ஆகும்போது, முதலாண்டில் பார்த்த பக்கங்களில் சில இருந்த இடத்தில் இருக்காது.

விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை, அதன் அடிக்குறிப்பில் உள்ள மூலத்துக்குப் போய், அதைத் திறந்து படித்து, அதையே மேற்கோள் காட்டுங்கள். விக்கிப்பீடியாவே உங்கள் ஆய்வுப்பொருள் என்றால், பக்க வரலாற்றில் உள்ள குறிப்பிட்ட திருத்தத்தின் நிலையான இணைப்பைக் கொடுங்கள்.

படிக்காததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

1887-ல் யாரோஸ்லாவ் ஹ்லாவா என்ற செக் மருத்துவர் சீதபேதி பற்றித் தம் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பு ‘ஓ ஊப்லாவிட்சி’, அதாவது ‘சீதபேதியைப் பற்றி’. அதை வேறொரு மொழி இதழில் சுருக்கி எழுதியவர் தலைப்பையே ஆசிரியர் பெயராக எண்ணிவிட்டார். அதன்பின் ‘ஓ. ஊப்லாவிட்சி’ என்ற, பிறந்தே இராத மருத்துவர் அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவ எழுத்துகளில் மேற்கோளாக உலா வந்தார். 1938-ல் கிளிஃபோர்ட் டோபெல் என்ற ஒட்டுண்ணியியல் அறிஞர் இதை வெளிப்படுத்தும் வரை, மூலத்தைத் திறந்து பார்த்துத் திருத்தியவர் இல்லை.

இது பழங்கதை அல்ல. 2003-ல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர், சுமார் 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரையை எடுத்து, அந்த மேற்கோள்களில் உள்ள அச்சுப்பிழைகளை எண்ணினார்கள். பிழையான பதிவுகள் 196. ஆனால் வேறுபட்ட பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு பிழை 78 முறை அப்படியே வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியாக அதே எண்ணைத் தவறாக எழுதியிருக்க முடியாது. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில்தான் மூலத்தைப் படித்திருப்பார்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஆக, ஒருவர் நூலில் இன்னொருவரின் கருத்தைப் படித்தீர்கள், மூலம் கிடைக்கவில்லை. அப்போது கட்டுரைக்குள் மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று சேர்த்து, பட்டியலில் நீங்கள் படித்த நூலை மட்டும் வையுங்கள். இதில் குறைவு எதுவுமில்லை. மூலம் கிடைக்கும் நிலையிலும் இப்படியே எழுதினால்தான் தேர்வாளர் கேள்வி கேட்பார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ‘இதற்குச் சான்று கொடு’ என்று கேட்டுப் பட்டியலை நிரப்புவது இதைவிட ஆபத்தானது. அவை உண்மையான இதழின் பெயர், நம்பத்தக்க தலைப்பு, பொருத்தமான ஆண்டு எல்லாவற்றையும் கோத்து, இல்லாத கட்டுரையைத் தரும். 2023-ல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், அப்படிக் கிடைத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. சரிபார்க்கும் வழி எளிது: டிஓஐயைத் திறந்து பாருங்கள், இதழின் அந்தத் தொகுதியின் உள்ளடக்கப் பக்கத்தில் அந்தத் தலைப்பு இருக்கிறதா பாருங்கள், கட்டுரையைப் படியுங்கள். மூன்றாவதைச் செய்யாமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

மென்பொருள் எதைச் செய்யும், எதைச் செய்யாது

பதினைந்து சான்றுகளுக்கு மேல் போகும் என்றால் தொடக்கத்திலேயே சொட்டேரோ போன்ற ஒரு மேற்கோள் மேலாண்மை மென்பொருளை நிறுவுங்கள். அது இலவசம். டிஓஐயையோ, நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னையோ கொடுத்தால் விவரங்களைத் தானே இழுத்துக்கொள்ளும். எழுதும் கோப்பில் அதன் மூலம் மேற்கோளைச் செருகினால் பட்டியல் தானாக அமையும். எண் முறையில் எழுதுவோருக்கு இது பெரிய விடுதலை. கையால் எண் போட்டவர் ஒரு பத்தியை இடம் மாற்றினால் [7] முதல் [31] வரை எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

ஆனால் உள்ளே போன தகவல் தவறென்றால் வெளியே வருவதும் தவறுதான். தானாக இழுத்த ஒவ்வொரு பதிவையும் அன்றே மூலத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கெடுபவை இவை: தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பேரெழுத்தில் விழுவது, துணைத்தலைப்பு காணாமல் போவது, தமிழ்ப் பெயர் தலைகீழாகப் பிரிவது, பதிப்பாசிரியர் ஆசிரியராக மாறுவது, ஒரே நூல் இரண்டு முறை சேர்வது. தமிழ்ப் பெயருக்குத் தலைப்பெழுத்தை முதற்பெயர்க் கட்டத்திலும் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் இடுங்கள். நிறுவனம் என்றால் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிவிட்டு இடுங்கள், இல்லையென்றால் நிறுவனத்தின் கடைசிச் சொல் குடும்பப்பெயராகிவிடும். முறையின் மொழி ஆங்கிலமாக இருந்தால் ‘மற்றும் பிறர்’, ‘பக்.’ போன்றவை தமிழ்ப் பதிவிலும் ஆங்கிலத்தில் விழும். அவற்றைக் கடைசியில் கையால் மாற்ற வேண்டிவரும்.

லேடெக்ஸ் என்ற எழுத்துக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர், பட்டியல் அமைக்கும் பழைய கருவியான பிப்டெக்ஸைத் தவிர்த்து, பிபர் கருவியோடு பிப்லேடெக்ஸைப் பயன்படுத்துங்கள். பிப்டெக்ஸ் யூனிகோடுக்கு முன்பே, 1985-ல் உருவானது. தமிழை ஒழுங்காக வரிசைப்படுத்த அதற்குத் தெரியாது.

அகரவரிசை

கணினி சில நேரம் எழுத்துகளின் குறியீட்டு எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தும். அது தமிழ் நெடுங்கணக்கு அல்ல. யூனிகோடு வரிசையில் ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நிற்கிறது, ன என்பது ந-வை ஒட்டி வருகிறது, ற என்பது ர-வை ஒட்டி வருகிறது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருகிறது. இதனால் ‘கணேசன்’ முன்னும் ‘கண்ணன்’ பின்னும் வந்துவிடும். தமிழ் அகராதி முறையில் மெய் முன்னால் வருவதால் கண்ணனே முதலில் வர வேண்டும். கோப்பின் மொழியைத் தமிழ் என்று அமைத்த பின் வரிசைப்படுத்துங்கள், பிறகு கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

தமிழ், ஆங்கிலப் பதிவுகள் இரண்டும் இருந்தால் தனித்தனிப் பட்டியலாக, தமிழை முதலில் வைப்பது வழக்கம். ஆங்கிலக் கட்டுரைக்குத் தமிழ் நூலை எழுத நேர்ந்தால், தலைப்பை ஒலிபெயர்த்து, அதன் மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்பில் கொடுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்தால் நூலகப் பட்டியலில் அந்த நூலைத் தேடவே முடியாது.

ஒரே ஆசிரியரின் பல நூல்கள் ஆண்டு வரிசையில், பழையது முதலில். ஒரே ஆண்டில் இரண்டு என்றால் 2015அ, 2015ஆ என்று பிரித்து, கட்டுரைக்குள்ளும் அதே எழுத்தைச் சேர்க்க வேண்டும். ஒரு பதிவின் இரண்டாம் வரி முதல் 1.27 செ.மீ. உள்தள்ளி வருவது ஏபிஏ வழக்கம். அதை இடைவெளிப் பொத்தானால் தள்ளாமல், பத்தி அமைப்பில் தொங்கல் உள்தள்ளலாகவே கொடுங்கள்.

முந்தைய அடிக்குறிப்பில் வந்த அதே நூல் என்ற பொருளில் ‘மேலது, ப. 52’ என்று எழுதுவோருக்கு ஒரு சொல்: எழுதி முடிக்கும் வரை ‘மேலது’ போடாதீர்கள். நடுவில் ஒரு புதிய அடிக்குறிப்பு நுழைந்தால் ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். வரைவில் ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் எழுதி வையுங்கள். இப்போது சிகாகோ முறையே அதைத்தான் விரும்புகிறது.

ஒப்படைக்கும் முன்

இரண்டு நாள் இதற்கென ஒதுக்குங்கள். முதலில் கட்டுரையை அச்செடுத்து, உள்ளே வரும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பட்டியலில் பதிவு இருக்கிறதா என்று பேனாவால் குறியிடுங்கள். பிறகு பட்டியலிலிருந்து கட்டுரைக்குத் திரும்பிப் போங்கள். குறி விழாத பதிவுகளை நீக்குங்கள், அல்லது மேற்கோள் விடுபட்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலும் ஆண்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்: உள்ளே ‘வரதராஜன்’, பட்டியலில் ‘வரதராசன்’ என்றால் அவர்கள் இருவராகிவிடுவார்கள். மாதிரிப் பதிவு எதுவும் தங்கிவிடவில்லையா என்றும் பாருங்கள். ஒரு பெரிய பதிப்பகம் தன் விதிகளை விளக்க இட்டுக்கட்டிய, உண்மையில் இல்லாத ஒரு கட்டுரை, அப்படியே தங்கி நூற்றுக்கணக்கான வெளியீடுகளில் மேற்கோளாக ஏறியிருக்கிறது.

அடுத்து எல்லா இணைப்புகளையும் திறந்து பாருங்கள். அந்த வேளையிலேயே, நீங்கள் சார்ந்திருக்கும் முக்கியக் கட்டுரைகள் திரும்பப் பெறப்படவில்லையா என்பதையும் இதழின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேசிய லான்செட் கட்டுரை 1998-ல் வெளிவந்து 2010-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதை நம்பி எழுதியோர் பலர். திரும்பப் பெறப்பட்ட ஒன்றை விவாதிக்க வேண்டியிருந்தால் பதிவிலேயே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று ஆண்டோடு குறியுங்கள்.

கடைசியாக, பட்டியலை மட்டும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஏதாவது ஐந்து பதிவுகளை அவராகவே தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவரால் எடுக்க முடியாத பதிவை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பின் கட்டுரையை அனுப்புங்கள்.